சொல்லாமல் கிளம்பிய மிஸி

பசியாறியாச்சா என்று கேட்காமல் எந்தப் பேச்சையும் தொடங்கவிடாத என் அப்பாவுக்கு,

பசியாறிவிட்டேன். இரண்டு துண்டு ரொட்டி, ஒரு கோப்பி. இது போதுமா என்று அதட்டுவீர்கள். இன்றைக்கு அதற்கு மேல் தொண்டையில் இறங்கவில்லை.

போன வாரம் திங்கட்கிழமை காலை பெரியப்பாவின் பெயரைப் பலகையில் எழுதினேன். என் கையால்தான் எழுதினேன். எந்தப் பலகை என்று உங்களுக்குத் தெரியாது என்றுதான் நீங்கள் போகும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருந்தபோது மறைத்ததை ஆள் போன பிறகு சொல்லி என்ன புண்ணியம் என்று கேட்பீர்கள். ஆனால் நாளை காலைக்குள் உங்களிடம் சொல்லியாக வேண்டும். ஏன் நாளை என்பதையும் சொல்கிறேன்.

நான் கிளினிக்கில் வேலை செய்யவில்லை, அப்பா. பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு எதற்கு ஒரு மாடிக் கிளினிக்கில் போய் உட்கார்ந்திருக்கிறாள் இந்தப் பெண் என்று நீங்கள் செங் பக்கத் தொழிற்சாலையில் கேட் காவலுக்கு நிற்கும்போதுகூட ஆட்களிடம் புலம்புவீர்களாம். அது கிளினிக் இல்லை. ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை வீட்டிலேயே போய்ப் பார்க்கும் ஒரு குழு. வலியைக் குறைப்போம், புண்ணைக் கழுவுவோம், புரட்டிப் படுக்கவைக்க வீட்டாருக்குச் சொல்லித் தருவோம். குணப்படுத்துவது எங்கள் வேலையில் இல்லை.

குழு என்றதும் பெரிய படை என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளத்துக்கு இரண்டே மிஸிகள், நர்ஸ் படித்த நானும் ஏமியும். புதனும் சனியும் பிற்பகலில் தன் சொந்தக் கிளினிக்கை அடைத்துவிட்டு வரும் ஒரு டாக்டர். ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பாக் மான்தான் எங்கள் வேனுக்கும் டிரைவர். மற்றவர்கள் தொண்டர்கள். பட்டியலில் பதினாறு பேர் இருக்கிறார்கள், வருகிறவர்கள் ஐந்து பேர். அதில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் போனை எடுப்பார். இன்னொரு அம்மா கட்டில், ஆக்சிஜன் மெஷின், காற்று மெத்தை எல்லாம் எந்த வீட்டில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வார். ஒரு வீட்டில் வேலை முடிந்ததும் அவை திரும்பி வரும். கழுவி, துடைத்து, வெயிலில் வைத்து அடுத்த வீட்டுக்கு அனுப்புவோம்.

வேலை முடிந்ததும் என்று நான் எழுதியதைப் பாருங்கள். எங்கள் ஆபிஸ் பேச்சு அது. நாவில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

திங்கட்கிழமை காலை எல்லாரும் பலகைக்கு முன்னால் உட்காருவோம். வெள்ளைப் பலகையில் பெயர், ஊர், எந்த மிஸி, வாரம் எத்தனை தடவை. நன்றாக இருப்பவருக்கு ஒரு தடவை. நாளாக ஆக அந்த எண் ஏறும். ஏறிக்கொண்டே போய் ஒரு நாள் யாராவது துணியை எடுத்து அந்த வரியைத் துடைப்பார்கள். எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் முழுதாகப் போகாது. சாயங்கால வெளிச்சம் சாய்வாக விழும்போது பழைய பெயர்களெல்லாம் அடியில் தெரியும்.

வீடுகளை மொழி பார்த்துப் பிரித்திருந்தோம். சீன வீடுகளும் மலாய் வீடுகளும் ஏமிக்கு. தஞ்சோங் கிளிங் கடற்கரையிலிருந்து உள்ளே தோட்டங்கள் வரை தமிழ் வீடுகள் அத்தனையும் எனக்கு. தமிழ் பேசும் மிஸி இன்னொருத்தி வேண்டும் என்று நான் கேட்காத இடமில்லை. ஒரு பெண் வந்தாள், நல்ல பெண். வேலையை விளக்கிச் சொன்னதும் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அக்கா, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலக்கா. சாவு வீட்டு வேலைன்னா எங்கம்மா வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க." அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் இதே பயத்தில்தானே உங்களிடம் கிளினிக் என்று சொல்லி வைத்திருந்தேன்?

எங்கள் வேனைப் பற்றித் தோட்டங்களில் ஒரு பேச்சு உண்டு. வெள்ளை வேன் வந்தால் மாசம் தாண்டாது. அதனால் பாக் மான் வேனைக் கோயில் பக்கமோ ஒட்டுக்கடைப் பக்கமோ நிறுத்துவார், நாங்கள் நடந்து போவோம். சனங்களை ஏமாற்ற முடியுமா? இரண்டாம் தடவையே கண்டுபிடித்துவிடுவார்கள். நான் தோட்டத்து லயன் வரிசை வீடுகளைக் கடந்து நடக்கும்போது வாசலில் நிற்கிற பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். எனக்குப் பின்னால் தண்ணீர் தெளிக்கிற சத்தத்தையும் கேட்டிருக்கிறேன்.

இப்போது நான் எழுதி ஒட்டிய ஒரு தாளின் கதைக்கு வருகிறேன்.

இறந்தவர் வீட்டுக்குப் பதினாறாம் நாளுக்குள் ஒரு தடவை போய், குடும்பத்தைப் பார்த்துவிட்டு வருவதும் எங்கள் வேலைதான். தஞ்சோங் கிளிங்கில் அப்படி ஒரு வீட்டுக்குப் போனபோது, கூட வந்த தொண்டர் ஒருவர் எழுந்து கைகூப்பி, "நாங்கள் திரும்ப வருவோம்" என்று மலாயில் அன்பாகச் சொல்லிவிட்டார். இறந்தவரின் அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "திரும்ப வருவியா? இன்னும் யார எடுத்துக்கிட்டுப் போகப் போற?" என்று அவர் கேட்டார். சத்தம் போடவில்லை, மெல்லத்தான் கேட்டார். 

சாவு வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களுக்கு யார் சொல்வார்கள்? உங்கள் கோபம் எனக்கும் இருக்கிறதே. அன்றைக்கே டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அடித்துப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். தமிழர் வீட்டில் செருப்பைக் கழற்றுங்கள். கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால். கொடுத்த தண்ணீரை ஒரு வாயாவது குடியுங்கள். நோயின் பெயரை நோயாளி முன்னால் சொல்லாதீர்கள். கடைசி வரி, கிளம்பும்போது திரும்ப வருவதாகச் சொல்லாதீர்கள், பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த வீட்டில் என்று, சாவு வீட்டில் மட்டும்தான் என்று, நான் எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்ற மண்டைக்கனம். ஆனாலும் மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் உயிரோடு ஆள் படுத்திருக்கும் தமிழ் வீடுகளுக்கு நான் மட்டும்தான் போனேன். அந்தத் தாள் சுவரில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு உங்களுக்கு இருமல் வந்தது. தோட்டத்துப் புகைவீட்டில் ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே இருபது வருடம் நின்றவருக்கு இருமல் என்ன புதிதா என்று சிரித்தீர்கள். எக்ஸ்ரே எடுத்த அன்று ஸ்பெஷலிஸ்ட் என்னையும் தம்பி சேகரையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். நீங்கள் வெளியே பெஞ்சில் அம்மாவுக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். கார் பார்க்கில் சேகர் சொன்னான், "சொன்னா அப்பா அன்னிக்கே போயிருவாருக்கா. சொல்ல வேண்டாம்லா." வீட்டில் அம்மா என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். சத்தியம் வாங்கிவிட்டாள்.

வேறு வீடுகளில் இதே காட்சியை நான் பார்த்திருக்கிறேன். சொல்லிவிடுங்கள், அவருக்கும் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கும் என்று மகன்களிடம் வாதாடியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம், அப்பா. என் வீட்டில் நானும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை உங்கள் பெயர் பலகையில் ஏறியது. சொந்தக்காரரைச் சொந்தக்காரர் பார்க்கக் கூடாது என்று குழுவில் ஒரு விதி. அந்த விதியைப் போட்டதும் நான்தான். மகளாக இருந்துகொண்டு மருந்தை அளந்தால் கை ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். டாக்டர் என்னைப் பார்த்து, "வீட்டில் நீ மகளாக மட்டும் இரு" என்றார். உங்கள் பெயருக்கு எதிரே ஏமியின் பெயரை எழுதினார்கள். அவளுடைய முதல் தமிழ் வீடு நம்முடையது.

கட்டிலும் வந்தது. முதுகுக்கு நல்லது என்று டாக்டர் கொடுத்தார் என்றோம். அந்தக் கட்டில் அதற்கு முன் மூன்று வீடுகளில் இருந்தது. அந்த மூன்று பேரையும் எனக்குத் தெரியும். நம் புக்கிட் பெருவாங் வீட்டு ஹாலில் அதைப் பொருத்தியபோது நீங்கள் தட்டிப் பார்த்து, "நல்ல இரும்பு" என்றீர்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அது புகைமூட்டம் வந்த வருடம். எங்கோ காடு எரிந்த புகை வாரக்கணக்கில் மலாக்காவின் மேல் படுத்துக் கிடந்தது. பத்து மணிக்கும் சூரியன் சிவப்பாகத்தான் தெரியும். எதிர்வீட்டுக் கேட் தெரியாது. மூக்கு வாயை மூடிக்கொண்டு சனங்கள் நடந்தார்கள். நீங்கள் ஜன்னலைத் திறக்கச் சொல்லி, மோந்து பார்த்து, "ஈர விறகு, சரியா அடுக்கல" என்று குறை சொன்னீர்கள்.

வியாழக்கிழமைதோறும் ஏமி வந்தாள், ஆஸ்பத்திரி மிஸி, பிரஷர் பார்க்க வருகிறாள் என்று சொல்லி வைத்திருந்தோம். பாக் மான் வேனைப் பக்கத்துத் தெரு பேட்மிண்டன் திடலில் நிறுத்துவார். ஏமி வாசலில் செருப்பை விடுவாள். அம்மா கொடுத்த மைலோவை வலக்கையால் வாங்கிக் குடிப்பாள். "பாக்சிக், சாக்கிட்?" என்று மலாயில் வலியைக் கேட்டு உங்கள் முதுகைத் தொட்டுப் பார்ப்பாள். வலித்தாலும் "சிகிட், சிகிட்" என்று, கொஞ்சம்தான் என்பதுபோல விரல் நுனியைக் காட்டுவீர்களாம். சேகர் லேபிளைக் கிழித்து இருமல் மருந்து என்று வைத்த புட்டியை அவள் அளந்து கொடுப்பாள். எல்லாம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல், முகமூடியோடு புகைக்குள் போய்விடுவாள்.

நான் வீட்டில் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு வேறு தமிழ் வீடுகள். அம்மா பார்த்தாள். முதல் வாரம் வாசல்வரை போய் எட்டிப் பார்த்தாளாம். சீனப் பெண், வழக்கம் தெரியாது என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாளாம்.

மூன்றாவது வியாழன் சாயங்காலம் நான் வந்து கைகால் கழுவிவிட்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது, நீங்கள் அதைப் பார்க்கவில்லை.

"புஷ்பா, அந்த மிஸி நல்ல பொண்ணு."

"ஆமாப்பா."

"செருப்பக் கழட்டுது. சோத்துக் கையால வாங்குது. நம்ம பழக்கம் எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கு."

"நல்லதுதானேப்பா."

"அவ்ளோ தெரிஞ்ச பொண்ணு போகும்போது மட்டும் ஏன் சொல்லாம போவுது? மூணு வாரமா சொல்லாம போவுது. சொல்லாம போற வீடு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

எனக்கு அந்தத் தாள் கண்முன்னால் வந்து நின்றது. கடைசி வரி எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. அப்பா, அது நான் செய்த தப்பு, நான்தான் அரைகுறையாக எழுதி ஒட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எதற்கு எழுதினாய், எங்கே ஒட்டினாய் என்று கேட்பீர்கள். ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். நீங்கள் கேட்டது பிரஷர் பற்றியோ பழக்கம் பற்றியோ இல்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு இன்னும் எத்தனை நாள் என்றுதான் கேட்டீர்கள்.

"சீனப் பொண்ணுதானேப்பா. அதுக்கு எப்படித் தெரியும்? மறந்து போயிருக்கும்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தீர்கள். "அப்படியா" என்றீர்கள். பிறகு டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

மறுநாள் காலை ஆபிசுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தத் தாளைக் கிழித்தேன். ஏமியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "நீ எழுதினபடிதானே செய்தேன், சிஸ்டர்" என்று திரும்பத் திரும்ப ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் மேல் தப்பே இல்லை. அடுத்த வியாழன் அவள் உங்கள் கையைப் பிடித்து, அடுத்த வாரம் வருகிறேன் பாக்சிக் என்று மலாயில் சொல்லிவிட்டு, வாசலில் நின்று கையும் ஆட்டினாளாம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் பெருமூச்சு விட்டேன். என்ன புத்தி என் புத்தி.

அந்த வாரம்தான் நீங்கள் பெரியப்பாவைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். உங்கள் கூடப்பிறந்த ஒரே அண்ணன். தோட்டத்தில் ஒரு துண்டைத் தொழிற்சாலைக்கு விற்றபோது, கோயிலை எடுத்து வேறு இடத்தில் கட்டலாம் என்று நீங்கள் சொல்ல, சாமியைத் தூக்க எவனுக்குக் கை இருக்கிறது என்று அவர் சொல்ல, ஒன்பது வருடம் பேச்சு இல்லை. "ஒரு தடவ கூட்டிட்டுப் போறியா? அஞ்சு நிமிஷம் போதும்" என்றீர்கள். அந்த ஒன்பது வருடத்தில் நீங்கள் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"இந்தப் புகையில எங்கப்பா போறது? நல்லானதும் போகலாம்" என்றான் சேகர். நானும் ஆமாம் என்றேன். அவரையாவது வரச் சொல் என்றீர்கள். வரச் சொன்னால் எதற்கு என்று உங்களுக்குத் தெரிந்துவிடுமே என்று அம்மா அழுதாள். பெரியப்பாவிடம் ஆள் அனுப்பவே இல்லை. அவர் வர மறுத்துவிட்டார் என்றுகூட நீங்கள் நினைத்திருக்கலாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, உங்களுக்கு மிச்சமிருந்த ஒரே வேலையைச் செய்யவிடாமல் பூட்டிவைத்தோம்.

பலகையில் உங்கள் எண் இரண்டானது, நான்கானது, பிறகு தினமும் என்றானது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பினேன். அன்றைக்கு லீவு போடத்தான் டாக்டர் சொல்லியிருந்தார், ஆனால் ஜாசின் பக்கத் தோட்டத்தில் ஒருவருக்கு ராத்திரி முழுக்க வலி, போக வேறு தமிழ் ஆள் இல்லை. ஏமி உங்கள் பக்கத்தில் இருக்கிறாள் என்ற தைரியத்தில் குனிந்து, "போயிட்டு வரேன்பா" என்றேன்.

உங்கள் உதடு காய்ந்திருந்தது. மெதுவாகச் சொன்னீர்கள். "அங்க படுத்திருக்கிறவர்கிட்ட சொல்லிட்டுக் கெளம்பு. சொல்லாம வந்துராத."

மருந்து மயக்கத்தில் ஏதோ உளறுகிறீர்கள் என்று நினைத்தேன். பாதி வழியில், பாக் மான் விளக்கைப் போட்டுக்கொண்டு புகைக்குள் ஊர்ந்து போகையில்தான் எனக்கு உறைத்தது. எங்கே போகிறேன் என்று நான் உங்களிடம் சொல்லவே இல்லை. யாரோ படுத்திருக்கும் வீட்டுக்குப் போகிறேன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த வீட்டில் அவருக்கு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் பேஜர் துடித்தது. ஆபிஸ் நம்பர், அதற்குப் பின்னால் நாங்கள் அவசரத்துக்கு வைத்திருந்த எண். பையைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். வேன் தோட்டத்து மண்ரோட்டைத் தாண்டி டார் ரோட்டில் ஏறிய பிறகு நினைவு வந்தது. நான் அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வலியோடு, கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

"பாக் மான், திருப்புங்க" என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வேனை ஓரங்கட்டித் திருப்பினார். உள்ளே போய் அவர் கையைத் தொட்டு, "ஐயா, போயிட்டு வரேன். நாளைக்கு வருவேன்" என்றேன். "வாம்மா" என்றார்.

நான் வீட்டு வாசலில் இறங்கியபோது அம்மாவின் சத்தம் கேட்டது. ஏமி கேட்டுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். இப்போதுதான், இப்போதுதான் என்றாள். அந்த மனிதரிடம் சொல்லிக்கொள்ளத் திரும்பிய நேரம் மிச்சமாகியிருந்தால் உங்கள் முகத்தைப் பார்த்திருப்பேனா? இன்றுவரை மனதில் அந்த ரோட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். நீங்கள் சொன்னதைச் செய்தேன், அதனால் உங்களை விட்டுவிட்டேன்.

மத்தியானம் பெரியப்பா வந்தார். யாரோ பஸ்ஸில் சொல்லித் தெரிந்ததாம். உங்கள் கால்மாட்டில் நின்றார்.  எல்லாம் முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் போனார். அன்றைக்கு அதுதான் முறை.

பதினாறாம் நாள் சாமான்களைக் கழுவிக்கொண்டே அம்மா சொன்னாள். ஏமி திடீரென்று சொல்லிவிட்டுக் கிளம்பிய அந்த வியாழனே உங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டதாம். "நான் புஷ்பாகிட்டத்தான் கேட்டேன். மறு வாரமே மிஸி சொல்லிட்டுப் போவுது. அப்ப ரெண்டும் ஒரே இடத்து ஆளு, ஒரே வேல. வெள்ள வேன் வேல. பொண்ணு என்கிட்ட மறைக்குது. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, பாவம், அது மனசு கஷ்டப்படும்" என்றீர்களாம்.

நான் உங்களுக்காக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நீங்கள் எனக்காக அதைப் பார்க்காத மாதிரி சாப்பிட்டீர்கள். பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். இப்படி ஒரு கூத்து எதற்கு, அப்பா?

இனி நடப்பைச் சொல்கிறேன். உங்கள் முதல் திதி கழிந்து மூன்று மாதம் ஆகிறது. அம்மா சேகரோடு இருக்கிறாள், முழங்கால் வலி. ஏமி இப்போது தமிழில் "போயிட்டு வரேன்" சொல்வாள், கேட்டால் சிரிப்பீர்கள். தமிழ் பேசும் இன்னொரு மிஸி இன்னமும் கிடைக்கவில்லை. தோட்டத்தின் மிச்சத்தையும் விற்றுவிட்டார்கள். கீழ் லயன் முழுக்க இடித்தாகிவிட்டது. மரங்களைச் சாய்த்துக் குவித்திருக்கிறார்கள், இயந்திரங்கள் நாள் முழுக்க உறுமுகின்றன. செம்மண் நடுவில் உங்கள் இருவரையும் பிரித்த கோயில் மட்டும் தனியாக நிற்கிறது. அதன் பக்கத்தில்தான் பாக் மான் வேனை நிறுத்துகிறார், ஏனென்றால் பெரியப்பா வீடு அடுத்த வரிசையில் முதல் வீடு.

அவருக்கும் நுரையீரல்தான். உங்களுக்கு முன்னாலேயே புகைவீட்டில் சேர்ந்தவர் ஆயிற்றே. போன வாரம் கட்டில் போயிற்று. அதே கட்டில், அப்பா. வேறு கட்டில் இல்லை.

பெரியப்பா மகன் ராமு அண்ணன் போனில் என்னிடம் சொல்லிவிட்டான். "அப்பாவுக்குத் தெரியாது. நீ மட்டும் வந்துராத புஷ்பா. உன்னப் பார்த்தாலே தெரிஞ்சிரும்லா." அவன் சொல்வது சரிதான். இந்த வட்டாரத்தில் வேனைவிட என் முகம்தான் இப்போது பெரிய சகுனம். விதிப்படியும் நான் போகக் கூடாது. ஏமிதான் போகிறாள்.

ஆனால் நேற்று ஏமி வந்து என் மேசைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பெரியப்பா அவளிடம் மலாயில் கேட்டாராம். என் தம்பி மகள் உங்களோடுதானே வேலை செய்கிறாள், அவளை வரச் சொல், அவளிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். எனக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பது ஒன்று. கடைசியில் என் தம்பி என்னைத் தேடினானா என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பயிற்சி இருக்கிறது. இரண்டாவதை நினைத்தால்தான் ரொட்டி இறங்கவில்லை. தேடினார், நாங்கள்தான் கூப்பிடவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த மனிதர் என்னைச் சபிக்கலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ராமு அண்ணன் வாசலில் மறிக்கலாம். குழுவில் டாக்டரும் கேள்வி கேட்பார், விதியைப் போட்டவளே மீறுகிறாளா என்று. மருந்துப் பையைத் தொட மாட்டேன், அது ஏமியின் கையிலேயே இருக்கட்டும் என்று அவரிடம் சொல்வேன்.

இந்தச் சத்தியத்துக்கு யார் தலையும் வேண்டாம். நாளைக் காலை ஏமியோடு வேனில் ஏறுவேன். கோயிலிடம் இறங்கி, லயன் வாசல்களைக் கடந்து, எல்லாரும் பார்க்கட்டும் என்று நடந்து போவேன். அவர் கேட்ட இரண்டுக்கும் பதில் சொல்வேன், உங்களுக்குச் சொல்லாத பதிலையும் சேர்த்து. எழுந்திருக்கும்போது அவர் கையைத் தொட்டு, போயிட்டு வரேன் பெரியப்பா என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். மறுநாளும் போவேன். பலகையில் அவர் வரியைத் துடைக்கும் நாள் வரும்வரை போவேன்.

போயிட்டு வரேன்பா.

நீங்கள் கேட்டபோது பொய் சொன்ன,
உங்கள் மூத்த மகள்
புஷ்பா